பூசணிக் கன்றும் மே மாதப் பனியும்

வசந்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவன எவை? தென்றல் காற்று, மாந்தளிர், குயிலோசை, மல்லிகை மணம் அல்லவா? கவிஞர்கள் பாடிப் பாடி வசந்தத்தை நமக்கு ஓர் இனிய விருந்தாளியாக ஆக்கிவிட்டார்கள். ஆனால் குளிர் நாடுகளில் வாழும் உழவர்கள் இந்த விருந்தாளியை அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. பகலெல்லாம் சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, இரவில் உறைபனியைப் பரப்பிவிட்டுப் போகும் குணம் அவர்கள் நாட்டு வசந்தத்திற்கு உண்டு. அவ்வாறு வரும் ஓர் இரவில் ஒரு வயல் முழுவதும் கருகிப் போகலாம். அந்த இரவிலிருந்து இளம் பூசணிக் கன்றை அவர்கள் எவ்வாறு காக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

வெப்ப நாட்டுக் கொடி

முதலில் எந்தப் பூசணி என்பதைச் சொல்லிவிட வேண்டும். திருஷ்டிக்காக வாசலில் உடைக்கிறார்களே, அந்தச் சாம்பல் பூசணி அன்று. சாம்பாரிலும் கூட்டிலும் இடம்பெறும் மஞ்சள் பூசணியே நாம் பேசப்போவது. இதனைப் பரங்கிக்காய் என்பாரும், அரசாணிக்காய் என்பாரும் உண்டு. மார்கழி மாதத்தில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகி வைக்கும் மஞ்சள் பூ இந்தக் கொடியின் பூவே ஆகும்.

நம் சமையலறைக்குள் இவ்வளவு உரிமையோடு புகுந்துவிட்ட இக்காய் நம் நாட்டில் தோன்றியது அன்று. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டுக் குகை ஒன்றில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பூசணி விதைகள் கிடைத்துள்ளன. 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த பிறகே இக்கொடி ஐரோப்பாவுக்கும், ஐரோப்பியர் வழியாக நம் நாட்டுக்கும் வந்தது. பரங்கியர் கொண்டுவந்த காய் ஆதலால் பரங்கிக்காய் ஆயிற்று என்பர்.

எங்கே போனாலும் பிறவிக் குணம் மாறாது என்பதற்குப் பூசணி ஒரு சான்று. வெயிலும் வெதுவெதுப்பான மண்ணும் இன்றி அது வாழாது. விதை ஒழுங்காக முளைப்பதற்கு மண்ணின் வெப்பநிலை குறைந்தது 15 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். 25 முதல் 30 டிகிரி இருந்தால் ஒரு வாரத்திற்குள் முளை தலைகாட்டும். 10 டிகிரிக்குக் கீழே சென்றால் கன்று வளர்வதை நிறுத்திவிடும். 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கினால் இலைகள் மடிந்துவிடும்.

அப்படியானால் குளிர் முழுவதும் போன பிறகு நட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல் இருக்கிறது. விதைத்த நாளிலிருந்து பழம் முற்ற ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகின்றன. குளிர் நாடுகளில் கோடைக்காலம் மிகக் குறுகியது. அக்டோபர் மாதத்தில் பனி மறுபடியும் வந்துவிடும். முந்தி விதைத்தால் வசந்தப் பனி கொல்லும். பிந்தி விதைத்தால் பழம் முற்றுமுன் இலையுதிர்காலப் பனி கொல்லும். இரண்டு பனிகளுக்கும் நடுவே உள்ள சிறிய இடைவெளியில்தான் பூசணியின் வாழ்வு முழுவதும் நடந்தாக வேண்டும்.

ஸ்டைரியா நாட்டுப் பூசணி

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஆஸ்திரியா நாட்டின் தென்கிழக்கில் உள்ள ஸ்டைரியா மாநிலம். இதன் தலைநகர் கிராஸ் என்பதாகும். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் சரிவில் குன்றுகளும் பள்ளத்தாக்குகளுமாக அமைந்த பகுதி இது. இங்கே பூசணியைக் காய்க்காகப் பயிரிடுவதில்லை, விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அவ்விதைகளை வறுத்துப் பிழிந்தால் கரும்பச்சை நிற எண்ணெய் கிடைக்கும். நம் வீட்டில் நல்லெண்ணெய்க்கு உள்ள மதிப்பு அவர்கள் வீட்டில் இந்த எண்ணெய்க்கு உண்டு. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 30 பழங்களின் விதைகள் தேவைப்படுகின்றன என்றால் அதன் அருமையை நீங்களே எண்ணிப் பாருங்கள். 1996ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கியது.

இந்தப் பூசணியின் விதைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சாதாரணப் பூசணி விதையைச் சுற்றி வெள்ளையான கெட்டி ஓடு இருக்கும். ஸ்டைரியாவில் ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு இயற்கையாக ஏற்பட்ட ஒரு மாற்றத்தினால் ஓடு இல்லாத விதை தோன்றியது. மெல்லிய தோல் மட்டுமே அதற்குண்டு. எண்ணெய் எடுப்பவருக்கு இது பெரும் வசதி. ஆனால் விதைப்பவருக்கோ பெரும் கவலை! சட்டையில்லாத குழந்தை குளிரில் நடுங்குவது போல, ஓடில்லாத விதை குளிர்ந்த ஈர மண்ணில் கிடந்தால் முளைப்பதற்கு முன்பே அழுகிவிடுகிறது. ஆகவே வசந்தத்தின் கொடுமையை மற்றப் பூசணிகளைவிட இந்தப் பூசணியே மிகுதியாக அனுபவிக்கிறது.

உறைபனி எவ்வாறு கொல்கிறது?

இளங்கன்றின் உடலில் பெரும்பகுதி நீர்தான். வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது, செல்களுக்கு இடையிலுள்ள நீர் முதலில் பனிக்கட்டியாகிறது. அப்பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துக்கொள்கிறது. செல் சுருங்குகிறது, அதன் சவ்வு கிழிகிறது. காலையில் வெயில் பட்டவுடன் பனிக்கட்டி உருகும்போது, கிழிந்த செல்களிலிருந்து நீர் கசிந்து, இலை வெந்த கீரையைப் போல் துவண்டு, பிறகு கறுத்துவிடுகிறது. வெந்நீர் ஊற்றியது போல் இருக்கும் அந்தக் காட்சியைப் பார்ப்பவர், குளிரால் வந்த கேடு என்றே நம்பமாட்டார்.

உறையாத குளிரும் கேடு செய்யும். மண் குளிர்ந்திருந்தால் வேர் நீரை உறிஞ்சும் ஆற்றலை இழக்கிறது. சுற்றிலும் ஈரம் இருக்கும்போதே கன்று தாகத்தால் வாடுகிறது. இதைக் கண்டு, நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

இனி, பனி எந்த இரவில் வரும் என்பதை அறிவது எப்படி? பகலில் கதிரவனிடம் பெற்ற வெப்பத்தை நிலம் இரவில் வானத்தை நோக்கி வெளியிடுகிறது. மேகம் இருந்தால் அது கம்பளி போலிருந்து அவ்வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். காற்று வீசினால் மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்றும் கீழேயுள்ள குளிர்ந்த காற்றும் கலந்துவிடும். மேகமும் இல்லாமல், காற்றும் இல்லாமல், விண்மீன்கள் பளிச்சென்று மின்னும் இரவே ஆபத்தானது. நாம் அழகு என்று ரசிக்கும் இரவு அவர்களுக்கு அச்சம் தரும் இரவாகும். இன்னொன்றும் உண்டு. வானிலை நிலையத்தில் வெப்பமானியை ஆள் உயரத்தில் வைத்து அளப்பார்கள். அங்கே 3 டிகிரி இருக்கும்போதே தரையை ஒட்டி 0 டிகிரி இருக்கக்கூடும். கன்று வாழ்வது தரையை ஒட்டித்தானே! மேலும், குளிர்ந்த காற்று கனமானது ஆதலால் நீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் ஒரே ஊரில் மேட்டுத் தோட்டம் பிழைத்திருக்க, பள்ளத் தோட்டம் மட்டும் கருகிப் போவதைக் காணலாம்.

பனிப் புனிதர்கள்

வானிலை அறிவிப்பு இல்லாத அக்காலத்தில் மக்கள் எதை வைத்து நாள் குறித்தார்கள்? திருச்சபையின் நாட்காட்டியை வைத்துத்தான்! ஆஸ்திரியா, ஜெர்மனி முதலிய நாடுகளில் மே மாதம் 12 முதல் 15 வரை உள்ள நாள்களைப் பனிப் புனிதர்களின் நாள்கள் என்று அழைக்கிறார்கள். 12ஆம் நாள் புனித பங்கிராசியார், 13ஆம் நாள் புனித செர்வாசியார், 14ஆம் நாள் புனித போனிபாசியார், 15ஆம் நாள் புனித சோபியா. சில இடங்களில் 11ஆம் நாளுக்குரிய புனித மமெர்த்துவையும் சேர்த்துக்கொள்வர். கடைசி நாளுக்குரியவரை மக்கள் செல்லமாகக் 'குளிர்ந்த சோபி' என்கிறார்கள். இவர்களுக்கும் பனிக்கும் உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லை. பங்கிராசியார் ரோமாபுரியில் 14 வயதிலேயே மறைசாட்சியாக உயிர் நீத்த சிறுவர் என்பது மரபு. மே மாத நடுவில் குளிர் திரும்பி வரும் காலத்தில் இவர்களின் திருநாள்கள் அமைந்ததால் இப்பெயர் வந்தது; அவ்வளவே. குளிர்ந்த சோபியின் நாள் போன பிறகே கத்தரி, தக்காளி, பூசணி போன்ற மென்மையான செடிகளை வெளியில் நட வேண்டும் என்பது அங்குள்ள தோட்டக்காரர்களின் வாய்மொழிச் சட்டம். நம் ஊரில் 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதைப் போன்றது இது.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1582ஆம் ஆண்டில் 13ஆம் கிரகோரி பாப்பரசர் நாட்காட்டியைத் திருத்தியபோது 10 நாள்கள் தாண்டப்பட்டன. திருநாள்களின் தேதி மாறவில்லை. ஆனால் பருவத்தில் அவை முன்னே வந்துவிட்டன. அதற்கு முற்பட்ட அனுபவத்தைக் கொண்டு பார்த்தால், அக்காலத்து மே 12 என்பது இக்காலத்து மே 22ஐ ஒட்டி வரும். ஆகையால் எச்சரிக்கையுள்ளவர்கள் சோபியின் நாளுக்குப் பிறகும் ஒரு வாரம் பொறுத்திருக்கிறார்கள்.

பெரிய வயல்களில் அவ்வாறு பொறுத்திருக்க முடிவதில்லை. ஸ்டைரியாவில் ஏப்ரல் இறுதி முதல் மே நடுவரை எண்ணெய்ப் பூசணியை விதைக்கிறார்கள். உலகம் வெப்பமாகி வருவதால் வசந்தம் சீக்கிரமே வந்து ஆசை காட்டுகிறது. ஆனால் பின்பனி அடியோடு போய்விடவில்லை. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் ஸ்டைரியாவில் உறைபனியும் வெண்பனியும் திடீரென வந்து ஆப்பிள் தோட்டங்களையும் திராட்சைத் தோட்டங்களையும் பாழாக்கின. முன்னதாகவே வந்த வெப்பத்தை நம்பித் தளிர்த்தவையெல்லாம் கருகின.

காக்கும் முறைகள்

இனி, கன்றைக் காக்கும் முறைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, வீட்டுக்குள் வளர்த்தல். வெளியே நடுவதற்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு முன் சிறு தொட்டிகளில் விதைத்து, வெயில் படும் சன்னலோரம் வைக்கிறார்கள். பூசணியின் வேர் அசைப்பதைப் பொறுக்காது. ஆகையால் ஒரு தொட்டிக்கு ஒரு கன்று என்று வளர்த்து, மண் கட்டி உடையாமல் அப்படியே எடுத்து நட வேண்டும். வித்திலைகளை அடுத்து இரண்டு மூன்று இலைகள் வந்த பருவமே நடவுக்கு ஏற்றது.

இரண்டாவது, பழக்குதல். வீட்டுக்குள் வளர்ந்த கன்று வெளியுலகம் அறியாதது. அதன் தண்டு மெலிந்திருக்கும். இலையின் மேல்தோல் மெல்லியதாக இருக்கும். அதைத் திடீரென்று வெயிலிலும் காற்றிலும் கொண்டுபோய் நிறுத்தினால் பனியே தேவையில்லை, வெயிலே கொன்றுவிடும். ஆதலால் ஏழு முதல் பத்து நாள்கள் வரை சிறிது சிறிதாகப் பழக்குகிறார்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம். அடுத்த நாள் இரண்டு மணி நேரம். பிறகு காலை இளவெயில். இறுதியில் ஓர் இரவு முழுவதும் வெளியே. இப்படிப் பழகும்போது தண்டு தடிக்கிறது. இலையின் தோல் உரம் பெறுகிறது.

மூன்றாவது, இடத்தைத் தேர்ந்தெடுத்தல். பள்ளத்தை விட்டு மேட்டில் நட வேண்டும். வட நாடுகளில் கதிரவன் தெற்குப் பக்கமாகச் செல்வதால் தெற்கு நோக்கிய சரிவும், தெற்கு நோக்கிய சுவரின் அருகும் சிறந்தவை. பகலில் சுவர் வாங்கிய வெப்பத்தை இரவில் கன்றுக்குக் கொடுக்கும். மண்ணை மேடாகக் குவித்து அதன் உச்சியில் நட்டால் மழைநீர் வடியும். மண்ணும் விரைவில் சூடேறும். கறுப்பு நிறப் பிளாஸ்டிக் விரிப்பை மண்மேல் பரப்பி, அதில் துளையிட்டு நடுவதும் உண்டு. கறுப்பு நிறம் வெப்பத்தை நன்கு ஏற்கும் என்பது நாம் படித்ததே. வைக்கோலை மட்டும் இப்பருவத்தில் பரப்பக் கூடாது. அது மண் சூடாவதைத் தடுக்கும். இரவில் மண்ணின் வெப்பம் கன்றை அடைவதையும் தடுக்கும். கோடை வந்த பிறகே வைக்கோலுக்கு வேலை.

நான்காவது, மூடுதல். பழைய காலத்தில் பிரான்சு நாட்டுக் காய்கறித் தோட்டங்களில் ஆலயமணி வடிவான கண்ணாடிக் கூடுகளைக் கன்றின்மேல் கவிழ்த்து வைத்தார்கள். இக்காலத்தில் அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் புட்டியே போதும். வாளி, பூந்தொட்டி, அட்டைப் பெட்டி எதுவும் ஓர் இரவுக்கு உதவும். பெரிய பாத்திகளில் வளைந்த கம்பிகளை நட்டு, அவற்றின்மேல் நெய்யப்படாத மெல்லிய வெண்துணியைப் போர்த்துகிறார்கள். அது ஒளியையும் மழையையும் உள்ளே விடும்; ஏறத்தாழ 2 டிகிரி குளிரைத் தடுக்கும். இரண்டு டிகிரிதானா என்று எண்ணாதீர்கள். உயிருக்கும் சாவுக்கும் இடையே இருப்பது பல இரவுகளில் அந்த இரண்டு டிகிரிதான்.

மூடுவதில் மூன்று விதிகள் உண்டு. சூரியன் மறைவதற்கு முன்பே மூட வேண்டும். அப்போதுதான் மண்ணின் வெப்பம் உள்ளே அகப்படும். வெப்பம் போன பிறகு மூடுவது திருடன் போன பிறகு கதவைச் சாத்துவது போலாகும். அடுத்து, துணியின் ஓரம் தரையைத் தொட வேண்டும். மூன்றாவதாக, மூடி இலையைத் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் குளிர் கடந்து வந்து இலை கருகும்.

ஐந்தாவது, நீரைக் கொண்டு காத்தல். இது வியப்பாக இருக்கலாம். ஆனால் அறிவியல் பாடத்தில் உள்ளுறை வெப்பம் பற்றிப் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு கிலோ நீர் 0 டிகிரியில் பனிக்கட்டியாக மாறும்போது 80 கிலோ கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. அதே ஒரு கிலோ நீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவு இது! ஆகவே நீர் நிரப்பிய புட்டிகளைக் கன்றைச் சுற்றி மூடிக்குள் நிறுத்தி வைக்கிறார்கள். அவை பகலில் சூடேறி, இரவில் அந்த வெப்பத்தைக் கொடுக்கும். குளிர் முற்றி நீர் உறையத் தொடங்கினாலும், உறையும் நீரே வெப்பம் தந்து கன்றைக் காக்கும். மேலும் காய்ந்த மண்ணைவிட ஈர மண் மிகுந்த வெப்பத்தைச் சேமிக்கும். எனவே பனி வரும் என்று தெரிந்தால் பிற்பகலிலேயே மண்ணுக்கு அளவாக நீர் விடுகிறார்கள்.

ஆறாவது, கையிருப்பு விதை. எத்தனை காவல் இருந்தாலும் சில ஆண்டுகளில் பனி வென்றுவிடும். அறிவுள்ள உழவர் எல்லா விதையையும் ஒரே நாளில் மண்ணில் இட்டுவிடுவதில்லை. மே மாத இறுதியில் மறுபடி விதைப்பதற்கென ஒரு பங்கை எடுத்து வைக்கிறார்.

காற்று, மழை, ஆலங்கட்டி

பனி மட்டுமே பகை அன்று. பூசணியின் தண்டு உள்ளே துளையுள்ளது, இலை அகன்றது. பலத்த காற்று இலையைப் பாய்மரம் போலப் பிடித்துத் தண்டை முறுக்கிவிடும். காற்று வரும் பக்கத்தில் பலகை, சாக்குத்துணி அல்லது மிலார்களால் ஒரு தடுப்பு அமைக்கிறார்கள். காற்றை முழுவதும் தடுக்கும் சுவரைவிட, கொஞ்சம் கொஞ்சமாக விடும் வேலியே நல்லது. சுவரில் மோதிய காற்று மேலேறிக் கடந்து மறுபுறம் சுழன்று விழும். வேலியில் புகுந்த காற்றோ வேகம் குறைந்து போகும்.

தொடர்ந்து குளிர்ந்த மழை பெய்தால் மண்ணிலுள்ள பூஞ்சைகள் பெருகி, தண்டின் அடிப்பகுதி நூல் போல மெலிந்து கன்று சாய்ந்துவிடும். இதற்கு நாற்றழுகல் என்று பெயர். ஓடில்லாத ஸ்டைரியா விதைகளுக்குப் பூஞ்சைக் கொல்லி மருந்து பூசி விதைப்பது இதனால்தான். இனி ஆலங்கட்டி மழை. இடியோசை கேட்டவுடன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஒரு கல்லை வைப்பதுதான் வீட்டுத் தோட்டத்தில் செய்யக்கூடிய எளிய வழி. பெரிய தோட்டங்களில் வலை கட்டுகிறார்கள்.

பனியில் அடிபட்ட கன்றை உடனே பிடுங்கி எறியக் கூடாது. இலை கறுத்திருந்தாலும் நடுக் குருத்து பசுமையாக இருந்தால் அது பிழைக்கும். சில நாள்கள் பொறுத்துப் பார்த்துப் புதுத் தளிர் வந்த பிறகே கறுத்த இலைகளை நீக்குகிறார்கள்.

மூடியை எடுக்கும் நேரம்

தோழியரே, இதுவரை மூடுவதைப் பற்றியே சொன்னேன். ஆனால் இக்கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது திறப்பதைப் பற்றித்தான். பனியில் மடியும் கன்றுகள் உண்டு. மூடியை எடுக்க மறந்ததால் மடியும் கன்றுகளும் உண்டு. இரவில் உயிர் காத்த அதே பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை வெயில் ஏற ஏற வெப்பம் 40 டிகிரியையும் தாண்டும். நண்பகலுக்குள் கன்று வெந்துவிடும். எனவே மூடியைக் காலையில் திறந்து மாலையில் மூட வேண்டும். நாள் செல்லச் செல்லத் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

அது மட்டுமன்று. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும் அப்பூக்களுக்கிடையே மகரந்தத்தைக் கொண்டு செல்வது தேனீயே. பூக்கும் காலத்திலும் மூடியே வைத்திருந்தால் தேனீ எவ்வாறு உள்ளே வரும்? கொடி பசுமையாகத்தான் இருக்கும்; பூவும் பூக்கும். ஆனால் ஒரு காய்கூடக் காய்க்காது. காவல் என்பது காய்ப்பதற்காகவே அன்றி, காவலுக்காகவே காவல் அன்று.

இதனை நன்கு அறிந்தவர்கள் வட அமெரிக்காவில் இராட்சதப் பூசணி வளர்ப்பவர்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் விண்ட்சர் என்னும் ஊரில் வாழ்ந்த ஹோவர்டு டில் என்ற உழவர், பல ஆண்டுகள் விதைகளைத் தேர்ந்தெடுத்து 'அட்லாண்டிக் ஜயண்ட்' என்னும் இரகத்தை உருவாக்கினார். 1981ஆம் ஆண்டில் அவர் வளர்த்த பூசணி 493.5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 224 கிலோ எடை இருந்தது. அவ்விரகத்தின் வழிவந்த விதையிலிருந்து 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத் தோட்டக்காரர் ஒருவர் 1,247 கிலோ எடையுள்ள பூசணியை விளைவித்தார். குளிர் மிகுந்த அப்பகுதிகளில் இக்கன்றுகளும் மே மாதத்தில் சிறு கூடாரத்துக்குள்தான் வாழ்வைத் தொடங்குகின்றன. கொடி கூடாரத்தின் ஓரத்தைத் தொட்டு, குளிரும் நீங்கியதும் கூடாரத்தை அகற்றிவிடுகிறார்கள். அகற்றாமல் இருந்தால் அந்த இராட்சதக் கொடி எங்கே போய்ப் படரும்?

நம் நாட்டில்

நம் தமிழ்நாட்டுச் சமவெளியில் உறைபனி இல்லை. ஆனால் நீலகிரி மலையில் உண்டு. உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளிகள் வெள்ளை விரித்தாற்போல் காட்சி தரும். தேயிலைக் கொழுந்துகள் கருகும். அங்குள்ள அரசு தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளின்மேல் கோத்தகிரி மிலார்ச் செடிகளைக் கொண்டு கூரை போல் மறைப்பதைக் காணலாம். ஸ்டைரியாவின் வெண்துணியும் நீலகிரியின் மிலாரும் செய்வது ஒரே வேலைதான். சமவெளியிலோ நம் பூசணிக் கன்றுக்குப் பகை குளிர் அன்று, வெயில். தைப் பட்டத்தில் இட்ட விதை முளைத்து வரும்போது நண்பகல் வெயில் கடுமையானால் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து நிழல் தருகிறோம். மாலையில் அதை எடுத்துவிடுகிறோம். நாடு மாறினாலும் விதி மாறவில்லை.

முடிவுரை

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பார்கள். முளையிலே காக்கப்பட்ட பயிர்தான் விளையும் என்பதும் உண்மை. பூசணிக் கன்றுக்குக் காவல் தேவைப்படுவது சில வாரங்களே. அச்சில வாரங்களில் காட்டும் அக்கறையே ஆண்டு முழுவதற்குமான பலனைத் தருகிறது. அதே நேரத்தில், காவலை எப்போது நீக்குவது என்று தெரியாதவர் நல்ல தோட்டக்காரர் ஆகமாட்டார்.

நம் பெற்றோரும் நம்மைப் பனியும் வெயிலும் படாமல் காத்து வளர்த்திருக்கிறார்கள். அந்த அன்புக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்ததும், பெண்ணுக்கு இது போதும் என்று படிப்பை நிறுத்தி வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. வெளியே ஆபத்து உண்டு என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். ஆபத்து உண்மைதான், மே மாதப் பனியும் உண்மைதான். ஆனால் அதற்குப் பயந்து எந்த உழவரும் கொடியை ஆண்டு முழுவதும் வாளிக்குள் வைத்திருப்பதில்லை. ஒரு நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பழக்கி, தண்டு உரம் பெற்றதும் துணிந்து வெளியே நடுகிறார். ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள் என்று நம் பெற்றோரை நாம் கேட்கவில்லை. சிறிது சிறிதாகத் திறந்துவிடுங்கள் என்றே வேண்டுகிறோம். நாமும் காற்றுக்கும் வெயிலுக்கும் அஞ்சாமல் தண்டை உரமாக்கிக்கொள்வோம். அப்போது நம்மாலும் வீட்டுக்கும் நாட்டுக்கும் நல்ல பலன் கிடைக்கும் என்பது திண்ணம்.

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு